அக்கா இங்கிலீஷில் எழுதிய ஒன்றரைப் பக்கம்

எங்கள் அக்கா மலைமேல் நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, அதே லைனில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்திரண்டு வயதில் அங்கேயே கண் மூடினார். பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவர் என்று எழுதச் சொந்தங்கள் சொன்னார்கள். எழுத மாட்டேன். கடைசி ஏழு ஆண்டுகள் அக்கா கோபத்தில் வாழ்ந்தார். பனி அவருக்குக் குளிரவில்லை. காப்பி பூத்தபோது மணக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு உரியவர்களில் பலர் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

அக்காவின் கணவரான எங்கள் மாமா மிளகு பறிக்க ஏறிய மூங்கில் ஏணி உளுத்துப்போனது. முறிந்தது. விழுந்தார், போய்விட்டார். எஸ்டேட்டில் இங்கிலீஷ் காகிதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: வெற்றுத்தாளின் அடியில் நாம் கையெழுத்திடுவோம், மேலே எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் நிரப்பிக்கொள்வார். அந்த ரைட்டர் எங்கள் சொந்தப் பெரியப்பா. நஷ்டஈட்டு மனு என்று நம்பி அக்கா கையெழுத்திட்டார். சில மாதம் கழித்துச் சேலத்து நஷ்டஈட்டு அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டார்: "ஏம்மா, குடிச்சுட்டு ஏறி விழுந்தாருன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

மாமா பீடிகூடத் தொடாதவர்.

நடந்ததைத் தன் கையால் இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்காகவே நாற்பத்தாறு வயதில் சேலத்தில் ஞாயிறு வகுப்புக் கல்லூரியில் சேர்ந்தார். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவரை எங்கள் சின்னம்மா வழிமறித்தார்: "ஏனுங்க காலேஜ் புள்ள, டிபன் பாக்ஸ் எங்கீங்க?"

"உங்க வாய்க்குள்ளதானுங்க சின்னம்மா. மூடுறதுக்குள்ள எடுத்துக்கறேன்."

முதல் வகுப்பில் ஆசிரியை தாளைக் கொடுத்து, சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார். அக்கா அடியில் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மேல யாரும்மா எழுதுவா?" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. அன்று இருபது கொண்டை ஊசி வளைவும் அழுதுகொண்டே ஏறினேன் என்று அக்கா என்னிடம் சொன்னார்.

ஆண்டின் இறுதியில் 'மறக்க முடியாத நாள்' என்று ஒன்றரைப் பக்க இங்கிலீஷ் கட்டுரை. அக்கா ஏணியை எழுதினார். உளுத்த படியை எழுதினார். அது உளுத்திருப்பதை முந்தின வாரமே பெரியப்பாவிடம் மாமா சொன்னதையும் எழுதினார். ஆசிரியை பக்கமெல்லாம் சிவப்பு மையில் கீறி, 'உணர்ச்சியைக் குறைக்கவும்' என்று குறித்து, தேறவில்லை என்றார். அக்கா அந்தத் தாளோடு நேராகப் பெரியப்பா வாசலுக்குப் போய் உரக்கப் படித்தார். முழுவதையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா சொன்னார்:

"இங்கிலீசுல நொம்பத் தப்பு இருக்குது கண்ணு. குடு, நான் திருத்தித் தாரேன்."

"நீங்க திருத்துனது போதுங்க பெரியப்பா."

அதன்பின் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அக்கா ஊட்டுக்கு வரவில்லை. பிறகு நோய் வந்து முற்றியபோதும் யாரும் வரவில்லை. சாவுக்கு மட்டும் வேன் வைத்து வந்தீர்கள்.

நன்றி சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் முன்சீட்டைப் பிடித்துவைத்த கண்டக்டருக்கு நன்றி. தன் அகராதியைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத வகுப்புத் தோழிக்கு நன்றி. "தப்பெல்லாம் மாத்திரட்டுங்களா?" என்று கேட்டு, வேண்டாம் என்றதும் அக்காவின் கட்டுரையை அப்படியே அச்சிட்ட அச்சகத் தம்பிக்கு நன்றி.

"செத்தவங்க பேருல சண்டை எதுக்குங்க?" என்று சொந்தங்கள் தடுத்தும், அக்காவின் ஒன்றரைப் பக்கம் அடுத்த தாளில் இருக்கிறது. இங்கிலீஷ் தெரியாதவர்கள், இந்த நினைவுக் கூட்டத்தின் முன்வரிசையில் இருக்கும் பெரியப்பாவிடம் கொடுத்து, சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நான் நிற்பேன்.