ஏணி வைத்த வெள்ளை வேன்

தபால்காரரை அடித்துப்போட்டு ஓடிய வேனை நம் கம்பெனி மிஷின்தான் காட்டிக்கொடுத்ததாம். வாசல் காவலாளிக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு யார் சொன்னார்களோ. "நம்பர் பிளேட்டே தெரியலயாம்மா. பின்பக்கத்த மட்டும் பாத்தே இன்ன வண்டின்னு சொல்லிடுச்சாம்" என்று டீக் கோப்பையோடு வந்து சொன்னார்.

"அதுக்கு வாத்தியாரம்மா யாரு? நம்ம கழுகக்காவாச்சே!" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

கழுகக்கா சிரித்துவைத்தாள். பதினோரு வருஷம் சுங்கச்சாவடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள். தலையைத் திருப்பாமலே, வருவது எந்த வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்வாள். சாவடிக்குக் கேமரா வந்ததும் அவள் சீட்டுக் கிழிந்தது. வயிறு சும்மா இருக்குமா? கேமராக்களுக்கு வண்டிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் கம்பெனியிலேயே வந்து சேர்ந்தாள். திரையில் படம் வரும். வண்டியின் பெயரைத் தட்ட வேண்டும். படத்துக்கு நான்கு நொடி. அப்படி லட்சக்கணக்கில் பார்த்துப் பார்த்து மிஷின் தானே பெயர் சொல்லப் பழகிக்கொண்டது. இப்போது போலீசுக்குப் போகும் படங்களுக்கு மட்டும், மனிதக் கண்ணும் பார்த்தாயிற்று என்று கடைசியில் ஒரு டிக் அடித்தால் போதும்.

அவளைக் கழுகாக்கியது ஒரு குறுக்குவழி. இரண்டு மாடல் வெள்ளை வேன்கள், அச்சில் வார்த்தது போல ஒரே உருவம். ஒன்றின் பின்விளக்கு ஜன்னல் உயரம்வரை ஏறும். மற்றது பாதியிலேயே நின்றுவிடும். மங்கலான படத்தில் அதைத் தேடினால் நான்கு நொடி எந்த மூலைக்கு? முதலில் வந்த படங்களில் குட்டை விளக்கு வேன்கள் எல்லாமே ஒரு டெலிபோன் கம்பெனியுடையவை, கூரையில் ஏணியோடு.

"ஏணி இருந்தா குட்டை விளக்குதான்டி, கண்ண மூடிட்டுத் தட்டு" என்று அவள்தான் சொன்னாள். வரிசையே தட்டியது. வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் கேக் வாங்கிக் கொடுத்தார்.

மதியம் தங்கை அழைத்தாள்.

"அக்கா, அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தபால்காரர் கேசாம். அந்த மாடல்ல இந்தப் பக்கம் ஏணி வச்ச வெள்ளை வேன் இவருது ஒண்ணுதானாம். அஞ்சு மணிக்குக் கோர்ட்டுங்கறாங்க. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? ஒரு தடவ பாத்துச் சொல்லுக்கா."

தங்கை வீட்டுக்காரர் பெயிண்டர். அவருடையது குட்டை விளக்கு வேன்.

கழுகக்கா தான் டிக் அடித்த பட்டியலைத் திறந்தாள். முந்தாநாள் படம். குட்டை விளக்கு வேன் என்று மிஷின் போட்டது தொண்ணூற்றேழு சதவீதம். கீழே அவளுடைய இருக்கை எண். படத்தைப் பெரிதாக்கினாள். அந்தி மங்கலில், புழுதிக்குள், சிவப்பு விளக்கு ஜன்னல்வரை ஏறியிருந்தது. கூரையில் ஏணி. மிஷின் ஏணியைத்தான் பார்த்திருந்தது. அவளும்தான்.

அவள் அறைக்குப் போய்ச் சொன்னதும் சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். "யோசிச்சுப் பேசும்மா. இது தப்புன்னு எழுதிக் குடுத்தா, ஏணி உள்ள படம் அத்தனையும் தப்பு. உன் வரிசையில ஒன்பது பேரு. நாளைக்கு யாருக்கும் நாற்காலி இருக்காது."

"சார், அவரு பெயிண்டர். ஏணி இல்லாம பறந்துபோயா சுவருக்கு அடிப்பாரு?"

"அத நீ அன்னைக்கே யோசிச்சிருக்கணும்."

அவள் எழுந்து தன் இடத்துக்கு வந்தாள். தங்கை அனுப்பியிருந்த இன்ஸ்பெக்டரின் எண்ணை எடுத்தாள். பக்கத்து இருக்கைக்காரி மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நல்லாருக்காக்கா?" என்று காட்டினாள். கழுகக்கா தலையாட்டிவிட்டு எண்ணை அழுத்தினாள்.

நாலு நாற்பது. மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

திரையில் அடுத்த படம் வந்து நின்றது. வெள்ளை வேன், கூரையில் ஏணி, அடியில் மிஷின் ஏற்கெனவே எழுதிவிட்ட பெயர். நான்கு நொடி போய், ஓரத்தில் சிவப்பு மின்னத் தொடங்கியது. அவள் டிக் அடிக்கவில்லை. காதோடு அழுத்திய போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.