முதல் விருப்பக் கட்டு

முப்பத்து நான்கு வருட வேலையில் நான் யாரிடமும் ஒரு காசு கைநீட்டி வாங்கியதில்லை. ரிட்டயர் ஆன அன்று நடந்த கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கம். காசு வாங்காமலே ஒருவரின் படிப்பைக் கெடுத்தவன் நான். அட்மிஷன் செக்‌ஷனில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகளுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

1. கட்டுக் கட்டும் முறை

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது. வீடு கடலூர் முதுநகரில். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவேன்.

முதல் நாளே சூப்பிரண்டு நாகராஜன் என்னை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார். மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வேலையைச் சொல்லிக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பி.எஸ்ஸி. அப்ளிகேஷன் ஒன்றை எடுத்து, மூன்று கட்டங்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம்.

"இங்க பாரு கோவிந்தராசு. ஒண்ணாம் நம்பர்ல என்ன பாடம் எழுதியிருக்கானோ அந்தக் கட்டுல போடு. கெமிஸ்ட்ரிக்கு ஒரு கட்டு, மேத்ஸுக்கு ஒரு கட்டு, ஜுவாலஜிக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் மார்க்குப்படி அடுக்கு. மேல இருந்து சீட்டு குடுத்துகிட்டே வா. சீட்டு மீந்தாத்தான் ரெண்டாம் விருப்பம். மிஞ்சலன்னா ரெண்டாம் விருப்பத்த யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"அப்ப சார், கெமிஸ்ட்ரி கேட்டு கெடைக்காதவன், மேத்ஸ் கேட்டவன விட மார்க்கு ஜாஸ்தி வச்சிருந்தா?"

"மேத்ஸ் ரொம்பிடுச்சுன்னா அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேத்ஸ மொதல்ல கேட்டவனுக்குத்தான் மேத்ஸு."

எனக்கு அது நியாயமாகவும் பட்டது, அநியாயமாகவும் பட்டது. புது வேலைக்காரன் வாயைத் திறப்பானா? தலையை ஆட்டினேன். இந்த முறை ரகசியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்ளிகேஷனில் எங்கும் அச்சடித்திருக்கவும் இல்லை. 'விருப்ப வரிசையில் எழுதுக' என்று மட்டும் இருக்கும்.

அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரி என்றால் அடிதடி. நெய்வேலியில் சுரங்கமும் ஆலையும் வளர்ந்துகொண்டிருந்தன. கெமிஸ்ட்ரி படித்தால் அங்கே வேலை நிச்சயம் என்று ஊரே நம்பியது. அதனால் கெமிஸ்ட்ரிக் கட்டு தலையணை கனம் இருக்கும். மேத்ஸ் கட்டு ஒல்லியாக, கஷ்டப்பட்டுத்தான் நாற்பது சீட்டை நிரப்பும்.

2. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

நான் சேர்ந்த இரண்டாவது ஜூன் மாதம். பண்ருட்டியிலிருந்து என் மனைவியின் தம்பி தனபால் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். அந்தக் காலத்துப் பிளஸ் டூ மாதிரியான பி.யூ.சி. பாஸ் செய்திருந்தான். மார்க்கு அப்படியொன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, இருநூற்று ஒன்று. அப்ளிகேஷனையும் கையோடு கொண்டுவந்திருந்தான். முதல் விருப்பம், கெமிஸ்ட்ரி.

சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி சரோசா ஆரம்பித்தாள். "அங்கியே வேல பாக்குறீங்களே, என் தம்பிக்கு ஒரு சீட்டு வாங்கித் தர முடியாதா?"

"சீட்டு வாங்கித் தர நான் என்ன பிரின்சிபாலா? ஜூனியர் கிளார்க்குடி."

"பாத்தியாடா தம்பி, ஒங்க மாமா பவுசு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்ளிகேஷனை வாங்கிப் பார்த்தேன். "மச்சான், கெமிஸ்ட்ரி பக்கமே போகாத. இந்த மார்க்குக்கு அந்தக் கட்டுல நீ அடியில கெடப்ப. மேத்ஸ ஒண்ணுன்னு போடு. கெமிஸ்ட்ரி வேணும்னா ரெண்டுல எழுதிக்க."

"மேத்ஸ் எனக்கு அவ்ளோவா புடிக்காது மாமா."

"சீட்டு புடிக்குமா?"

சிரித்துக்கொண்டே புது அப்ளிகேஷன் பாரம் எழுதினான். சரோசா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் செய்தது தப்பு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் தப்பு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். தப்பு இரண்டு நாள் கழித்து நடந்தது.

3. கவுன்ட்டர்

செவ்வாய்க்கிழமை, பாரம் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். மின்விசிறி வேறு நின்றுபோயிருந்தது. டீ வாங்கிவைத்து அரைமணி ஆகி ஆடை படிந்து கிடந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றார். மற்றவர்களைவிட வயது கூடின முகம். பெயர் சம்சுதீன். எங்கள் முதுநகர்க்காரர்தான், துறைமுகத்தில் படகில் ஏறும் மூட்டைகளுக்குக் கோடு கிழித்து எண்ணிக்கை வைக்கும் டாலி கிளார்க். மார்க்கு இருநூற்று இருபத்தாறு.

"சார், எங்க அத்தா மவுத்தான பெறகு நாலு வருஷம் படிப்பு நின்னுபோச்சு. வேலை பாத்துகிட்டே பி.யூ.சி. முடிச்சேன். எனக்கு இருபத்திரெண்டு வயசு ஆவுது. அடுத்த வருஷம் வந்தா சேத்துக்க மாட்டாங்களாமே?"

"ஆமா. இருபத்திரண்டு தாண்டினா ரூல் இடம் குடுக்காது."

"அதான் சார் கேக்குறேன். கெமிஸ்ட்ரி படிச்சா நெய்வேலில வேலை ஆவும்னு சொல்றாங்க. ஆனா எனக்கு மேத்ஸ்தான் நல்லா வரும். ரெண்டுல எது கெடைச்சாலும் சரி. எத மொதல்ல எழுதுறது?"

அவர் கேட்டதைவிடத் தெளிவாக யாராலும் கேட்க முடியாது. பதிலும் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்ன அதே பதில். 'மேத்ஸை ஒன்று என்று போடு.' நாலு வார்த்தை. ஆனால் விளக்கம் கேட்பார், கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், பின்னால் நிற்பவர்களும் கேட்பார்கள், எல்லோரும் பாரத்தை மாற்றி எழுத ஆரம்பிப்பார்கள், டீ இன்னும் ஆறும். இன்னொன்றும் உள்ளே ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் தனபாலுக்கு என்ன மிஞ்சும்?

"எது ஆசையோ அத மொதல்ல எழுதுப்பா. அது இல்லன்னா ரெண்டாவத பாப்போம். அதுக்குத்தான மூணு கட்டம் போட்டிருக்குது. கவலப்படாத."

அவர் முகம் தெளிந்தது. "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, கம்பியோரம் வைத்து முதல் கட்டத்தில் கெமிஸ்ட்ரி, இரண்டாவதில் மேத்ஸ் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான் வாங்கி முத்திரை குத்தினேன். அப்புறம் டீயைக் குடித்தேன்.

4. மனு

கட்டுகளை நான்தான் அடுக்கினேன். கெமிஸ்ட்ரிக் கட்டில் சம்சுதீன் மூன்று மார்க்கில் தவறினார். மேத்ஸ் கட்டில் முதல் விருப்பமாகக் கேட்டவர்கள் சரியாக நாற்பது பேர். நாற்பதாவது ஆள் தனபால். இரண்டாம் விருப்பத்தைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. திறந்திருந்தால் முதலில் நின்றிருக்கக்கூடியவர் சம்சுதீன். நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று அவர் வந்தார். அப்ளை செய்த எல்லோருடைய பெயரும் மார்க்கும் எழுதிய விருப்பமும் கிடைத்த பாடமும் அதில் இருந்தன. ரொம்ப நேரம் போர்டு முன்னால் நின்று ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கவுன்ட்டருக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், மேத்ஸ்ல இருநூத்தி ஒண்ணுக்குக் குடுத்திருக்காங்களே. எனக்கு இருநூத்தி இருபத்தாறு. ரெண்டாவத பாப்போம்னு நீங்க சொன்னீங்க."

"சீட்டு ரொம்பிடுச்சுப்பா. வேணும்னா மனு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். மறுநாள் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்த மனு இருந்தது. கவுன்ட்டர் கிளார்க் சொன்னதை நம்பி எழுதியதாகவும், இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும் என்றும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இருந்தது. நாகராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவன் எழுதினது சரிதானா? நீ அப்பிடிச் சொன்னியா? சொன்னேன்னா ஒரு காகிதத்துல எழுதிக் குடு. ஆபீஸ் தப்புன்னு சொல்லி ஒரு எக்ஸ்ட்ரா சீட்டு கேட்டுப் பாக்குறேன். பிரின்சிபால் குடுப்பாரு, போன தடவ குடுத்திருக்காரு. ஒனக்கு ஒரு மெமோ வரும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஒரு மெமோ. ஆனால் நான் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. மெமோ வந்தால் என்ன சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்று தோண்டுவார்கள், நாற்பதாவது ஆள் என் மச்சான் என்பது தெரியவரும்.

"இல்ல சார். நான் அப்பிடிச் சொல்லல. அந்தாளு தப்பாப் புரிஞ்சிகிட்டிருப்பாரு."

சூப்பிரண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவின் ஓரத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். பதிலைக் கவரில் போட்டு விலாசம் எழுதியதும் நான்தான். முதுநகர், எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. அதற்குப் பிறகு ஒரு வருடம் ஸ்டேஷனுக்குச் சுற்றுவழியில் போனேன்.

5. மரத்தடி

அடுத்த ஜூன். கவுன்ட்டரில் ஓர் அதிசயம் பார்த்தேன். பாரம் கொடுக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கு குறைந்தவர்கள் கெமிஸ்ட்ரியை முதலில் எழுதவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்டேன், யாரம்மா இப்படி எழுதச் சொன்னது என்று.

"கேட்டாண்ட ஒரு அண்ணன் சொல்றாரு சார். மொதல்ல எழுதுறதுதான் கணக்கு, மத்தது சும்மான்னு."

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் சம்சுதீன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். கையில் அந்தப் பழைய நோட்டு. போன வருட லிஸ்ட் முழுவதையும் நகல் எடுத்து, மூட்டை எண்ணுகிற மாதிரியே ஐந்தைந்தாகக் கோடு கிழித்து, எந்த மார்க்குக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் ஸ்டோர் ரூமை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், கட்டுக் கட்டும் முறையை அச்சாகக் கண்டுபிடித்திருந்தார். துறைமுகத்தில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அதைச் சொல்ல வந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார். நான் சொல்றது சரிதானா, நீங்களே சொல்லிடுங்க. தப்பா சொல்லி ஒரு புள்ள கெட்டுடக் கூடாது பாருங்க."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

"சரிதான்" என்றேன்.

போன வருடம் சூப்பிரண்டு கேட்ட அதே கேள்வி. அப்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கு உள்ளே இருந்திருப்பார். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா! இங்கியா இருக்கீங்க? அக்கா காரியர ஒங்ககிட்டதான குடுத்துச்சு? பசி உயிர் போவுது."

தனபால். எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தான். கையில் மேத்ஸ் புத்தகம்.

சம்சுதீன் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். "தம்பி மேத்ஸா? பேரென்ன?"

"தனபாலுண்ணே. ரெண்டாவது வருஷம்."

அவர் விரல் நோட்டின் ஒரு பக்கத்தில் போய் நின்றது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டை மூடினார்.

"நல்லா படிங்க தம்பி" என்றார். பிறகு உட்கார்ந்து, அடுத்த பெண்ணின் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, முதல் விருப்பத்தின் கணக்கு என்ன என்று நாலு வரி எழுதிப்போட்டேன். சூப்பிரண்டு படித்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு ஜூனிலும் அதை எழுதினேன். சம்சுதீன் அதற்குப் பிறகு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்து சொந்தக்காரனுக்குச் சொல்வதைக் கவுன்ட்டரில் நிற்கும் அந்நியனுக்கும் சொல்லுங்கள். நான் கற்றது இது ஒன்றுதான், அதுவும் இன்னொருவர் செலவில். தனபால் ஒரு பள்ளிக்கூடத்தில் மேத்ஸ் வாத்தியாராகி ரிட்டயரும் ஆகிவிட்டான். விவரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. என்னால்தான் முன்னுக்கு வந்தேன் என்று சொல்லி, வருடா வருடம் பொங்கலுக்கு எனக்கு ஒரு வேட்டி எடுத்துத் தருகிறான். வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.