பதினோரு நாள் பூட்டிய குழாய்

எங்கள் தோட்டத்தில் சீனி கேட்டால் கொடுப்பார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்வார்கள். பேனாவை நீட்டினால் மட்டும் எல்லோருக்கும் கண் மங்கிவிடும். இங்கே கையெழுத்து என்றால் சங்கம் மாறுவது. தெரியாத தாளில் ஒப்பம் வைத்துவிட்டால், அடுத்த சம்பளத்தில் சந்தா வேறு சங்கத்துக்குப் போய்விடும்.

நான் கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்தில் உள்ள இரண்டு சங்கங்களில் ஒன்றுக்குக் காரியதரிசி. போன வருடம் எங்கள் தலைமைக் காரியாலயம் ஒரு தாள் அனுப்பியது. தூரத்தில் ஓர் ஏழை நாடு. அதன் அரசாங்கத்தைப் பிடிக்காத பெரிய நாடுகள் தடை போட்டு, மருந்தும் பால்மாவும்கூட உள்ளே போகாமல் செய்திருக்கின்றன. தடையை நீக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கையெழுத்துத் திரட்டுகின்றன. தோட்டத்தின் பேரில் அனுப்புவதானால் இரண்டு சங்கத் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும். எங்கள் தலைவர் சம்மதித்துவிட்டார்.

வழக்கமாக இப்படி வரும் தாள்கள் என் அடுப்புப் பற்றவைக்க உதவும். இதை மட்டும் கொளுத்த மனம் வரவில்லை. நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த அந்த வருடம், என் மகளின் வலிப்பு மாத்திரைக்காக அட்டன் டவுன் மருந்துக்கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியவள் நான். எங்களுக்கு வெளியிலிருந்து யாரும் தடை போடவில்லை, அந்த வேலையை நம்மவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வேறொரு தாய் அப்படி ஏறி இறங்குகிறாள் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தாளை விரித்தேன். அதற்குள் மற்றச் சங்கத் தலைவர், "ஒப்பம் வச்சா சந்தா மாறிடும்" என்று லயம் லயமாக, வீட்டு வரிசை ஒன்று விடாமல் சொல்லி முடித்திருந்தார். என் சங்கத்துப் பெண்களே இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் கையை மறைத்தார்கள்.

"எதுக்கு அக்கா வம்பு? அந்த நாட்டுக்கு மருந்து போகுதோ இல்லையோ, நம்ம சந்தா போயிடும்" என்றாள் என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலைவர் வீட்டுக்கே போனேன். மனிதர் தலைக்கு மை பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மை காயும்வரை ஓட மாட்டார் என்று விசாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"அண்ணே, சந்தா மாறாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் தங்கச்சி. நீ கொண்டாந்த தாள்ல நான் ஒப்பம் வச்சா எங்க ஆளுங்க என்னா நெனைப்பாங்க? அதோட, அந்த நாட்டு அரசாங்கம் சரியில்லையாம். கொஞ்சம் இறுக்குனாத்தானே வழிக்கு வரும்?"

இதற்குத்தான் காத்திருந்தேன்.

"அப்ப, முந்தி நம்ம செஞ்ச ஸ்ட்ரைக்குல தோட்டத்துத் தொரை நம்ம லயத்துக் குழாயப் பூட்டுனாரே, அதுவும் உங்கள வழிக்குக் கொண்டாரத்தானே? வந்தீங்களா?"

"நானா? பதினோரு நாளும் அசையலையே." அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பதினோரு நாளும் எங்க குளிச்சீங்கண்ணே?"

அவருக்குத் திடீரென்று மழை வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பதில் குசினியிலிருந்து வந்தது. அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அட்டன் சங்க ஆபீசுல. சுடுதண்ணியில. இங்க நாங்க பொம்பளைங்க பள்ளத்துப் பீலிக்கு எறங்கி ஊத்துத்தண்ணி தூக்குனோம். நாலாம் நாளு குடத்தோட வழுக்கி விழுந்தேன். அப்ப வயித்துல ரெண்டு மாசம். உங்ககிட்ட சொல்றதுக்குள்ள கலைஞ்சிடுச்சு."

கேலி செய்யத்தான் நான் அந்தக் குழாயை இழுத்தேன். இப்படி ஒன்று வரும் என்று சத்தியமாகத் தெரியாது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் தலைவர்.

"ஜெயிச்சு மாலையோட வந்தீங்க. அன்னைக்கு எப்படிச் சொல்றது?"

அந்த அம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தாளின் உச்சியில் தன் பெயரை எழுதினார். பெயர்ப் பட்டியலில் தன் பெயர் முதலில் இல்லாவிட்டால் கூட்டத்தை விட்டே எழுந்து போகிறவர் தலைவர். அன்று அவர் மனைவியின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டில், வேலை பிரிப்பதற்கு முன் அவரே தாளைக் கையில் எடுத்தார். பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று எல்லோரும் காலை மாற்றி நின்றார்கள். அவருக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

"சந்தா மாறாது, நான் சொன்னது பொய். அன்னைக்குப் பீலியில தண்ணி தூக்குனவங்க மொதல்ல வந்து ஒப்பம் வைங்க."

ஆண்கள் ஒதுங்கிப் பெண்களுக்கு வழிவிட்டார்கள்.