பாடாமல் நின்றவள்

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால் அதைத் தாண்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவள். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், நானே பாதி நாள் நம்புவதில்லை.

என் கணவர் தினேஷ் ஒரு ரொக் பேண்டில் கிட்டார் வாசிக்கிறார். நானும் அதில் கீபோர்ட் வாசித்தவள்தான், பாப்பா பிறந்தபின் விட்டுவிட்டேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அவர்கள் பயிற்சிக்குப் போய்விட்டால் நானும் பாப்பாவும் மட்டும். சில நாள் சாயங்காலம் தினேஷ் வந்து கதவைத் தட்டும்போதுதான் அன்றைக்கு முதல் முழு வாக்கியம் பேசுவேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் அவர்களுக்கு ஒரு ஹிப்-ஹொப் பாட்டுச் செய்ய ஆசை வந்தது, தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் சொற்களை அடுக்க வேண்டும். ட்ரம்ஸ் வாசிக்கும் ரியாஸ், மடவளைக்காரர், நாவலப்பிட்டியில் யாரோ வீடு காலி செய்தபோது சில தட்டுகளை அள்ளி வந்தார். ஒன்றில் பெயர் அச்சிட்டு ஒட்டும் தாளே இல்லை. ஹார்மோனியம், தபேலா, ஒரு பெண் குரல். யார் பாடியதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்டுகிற வேலை எனக்கு. லெப்டொப் வீட்டில் இருக்கிறது, நானும் வீட்டில்தானே இருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் பாப்பாவுக்குக் காய்ச்சல். எட்டு மாதம் அவளுக்கு. மருந்து கொடுத்து, அரை மணிக்கொரு தரம் சூடு பார்த்துக் கொப்பியில் எழுதி, தூங்க வைத்தேன்.

"சாயந்தரத்துக்குள்ள அந்தத் துண்ட மட்டும் வெட்டி வச்சிரு தேவி, பிள்ள தூங்குறாதானே" என்று சொல்லிவிட்டு தினேஷ் கிளம்பினார். போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டேன், அதனால் சொல்லவில்லை.

எப்போதும் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும்தான் போடுவேன், மற்றக் காது பிள்ளைக்கு. அன்றைக்கு மழை தகரத்தில் அடித்த அடியில் தாளம் பிடிபடவில்லை. இரண்டு காதிலும் போட்டேன். கட்டில் என் முதுகுக்குப் பின்னால். இரண்டு காதிலும் போட்டதை மட்டும் தினேஷிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

வெட்டிய இடம் காதில் இடறுகிறதா என்று அந்தத் துண்டை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து, பதினைந்து சுற்று இருக்கும். ஒரு சுற்றில் அந்தப் பெண் பாடவில்லை.

ஹார்மோனியம் போகிறது, தபேலா போகிறது, ஊசி உரசும் சத்தம்கூட இருக்கிறது. குரல் மட்டும் இல்லை. ஒரே துண்டுதான் மறுபடி மறுபடி ஓடுகிறது, அது மாற வழியே கிடையாது. அடுத்த சுற்றிலும் அவள் இல்லை. மெஷின் பழுது என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அடுப்படியில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறவள், உள்ளே ஏதோ கேட்ட மாதிரி இருந்தால் சட்டென்று நிறுத்திக் காதைக் கொடுப்பாளே, அப்படி இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

பாப்பா விறைத்துக் கிடந்தாள். கண் மேலே செருகி, உதடெல்லாம் நீலம்.

பிள்ளையைத் தூக்கி, கீழ்வீட்டு நிலூகா அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கி ஓடியது, அவர் ஆட்டோவை மறித்தது, ஆஸ்பத்திரி, எல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். காய்ச்சல் வலிப்பு என்றார்கள். மூன்றாம் நாள் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"வாந்தி எடுத்து அது மூச்சில ஏறியிருந்தா கஷ்டமாப் போயிருக்கும். பிள்ள ஒரு சத்தமும் போட்டிருக்காதே, எப்படிக் கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சும்மா திரும்பினேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தபின், அந்தப் பெண் பாட்டை நிறுத்தியதை தினேஷிடமும் ரியாஸிடமும் சொன்னேன்.

"பாடிப் பாடிக் களைச்சி டீ குடிக்கப் போயிருப்பா, தங்கச்சி" என்றார் ரியாஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க பயந்துட்டீங்க, வேற ஒண்டுமில்ல" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தினேஷ் அந்தத் துண்டை ஓடவிட்டார். "இந்தா, முழுக்கப் பாடுறாளே, கேளு" என்று தொடையில் தாளம் போட்டார். ரியாஸும் தலையாட்டினார். நான் கேட்டேன். ஹார்மோனியம் இருந்தது, தபேலா இருந்தது.

"ஆமாங்க, பாடுறா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

பிறகு காது டாக்டரிடம் போனேன், தனியாக. காதில் ஒரு குறையும் இல்லை. மற்ற எல்லாப் பாட்டும் ஒழுங்காகக் கேட்கிறது, அவள் குரல் மட்டும்தான் இல்லை. இவர்களுடைய பாட்டு வெளியான பிறகு, அந்தப் பழைய குரல்தான் உயிர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

பாப்பா நன்றாக இருக்கிறாள், நடக்கக்கூடத் தொடங்கிவிட்டாள். அவளுக்காகத்தான் அந்தப் பெண் பாட்டை நிறுத்தினாள் என்றால், அன்றைக்கு நான் பிள்ளையைத் தூக்கியதுமே மறுபடி பாடியிருக்க வேண்டும், இல்லையா? பாடவில்லை. இன்னும் எதையோ கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டால், மடியில் தூங்குகிற பாப்பாவின் மூக்கருகே விரலைக் கொண்டுபோகிறேன். பாட்டு முடிந்த பிறகும் எடுப்பதில்லை.