பெயர் சொல்லாத நிறுத்தம்

டிசம்பர் மூன்றாம் நாள், காலை ஆறரை மணி. ஷைர்குல் பேருந்தின் முன்சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி, கம்பளிச் செருப்புக்குள் பாதங்களை நுழைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சாரி-புலாக் குடியிருப்பின் தலைவர் முகம்பெத் அவளை ஓட்டுநராக முதன்முதலில் சந்தித்தது அப்போதுதான். அதுவரை அவர் அறிந்திருந்த ஷைர்குல் வேறொருத்தி. விருந்துகளில் தலைத்துணி கட்டி, கண்ணை நிமிர்த்தாமல், அரைக் கிண்ணத்துக்கு மேல் தேநீர் ஊற்றாத மரியாதை தெரிந்த மருமகள் அவள்.

“ஏம்மா மருமகளே, இவ்வளவு பெரிய வண்டிய நீயா ஓட்டப்போற?”

“ஆட்டு மந்தைய ஓட்டினவளுக்கு இது பெரிசா, தலைவரே? ஆடு சொன்னா கேக்காது, இது கேக்கும். ஏறுங்க, குளிர் உள்ள வருது.”

அதற்கு முந்தைய குளிர்காலம்வரை நகரத்துச் சிற்றுந்துகள் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் சேறு. சாரி-புலாக்கின் பெண்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பாலம்வரை நடந்து, பெட்டிக்கடையின் பின்புறம் அவற்றை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருக்கும் நல்ல காலணிக்கு மாறித் தையற்கூடங்களுக்குப் போவார்கள். மாலையில் திரும்பிவந்ததும் யாருடைய பூட்ஸ் யார் காலில் போயிற்று என்ற சண்டை தவறாமல் நடக்கும். முகம்பெத்தின் மனைவிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சிறுநீரகச் சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரனின் தள்ளுவண்டியில் கம்பளி விரித்து, அவளை உட்காரவைத்து, பாலம்வரை அவரே தள்ளிக்கொண்டு போவார். சேற்றில் சக்கரம் புதையும்போதெல்லாம் அவள், “இறங்கி நானும் தள்ளட்டுமா?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு மூச்சு மிஞ்சியதில்லை.

பிறகு பாலத்தையொட்டி ஒன்பது மாடிக் கட்டடங்கள் எழுந்தன. கிரேன்களைத் தொடர்ந்து தார்ச்சாலை வந்தது. சாலையைத் தொடர்ந்து எரிவாயுவில் ஓடும் பச்சைப் பேருந்தும் வந்தது. ஆனால், அது மாடிகளுக்காக வந்ததா, மண்வீடுகளுக்காக வந்ததா என்பது மட்டும் முடிவாகவில்லை. வசந்தம்வரை சோதனை ஓட்டம் என்று போக்குவரத்து அலுவலகம் சொல்லியிருந்தது. குறையில்லாமல் ஓடினால் சாரி-புலாக்கின் கடைசி வீடுவரை வண்டி நிலைத்துவிடும். குறை எழுந்தால் புதுமாடிகளின் வாசலோடு திரும்பிவிடும். தள்ளுவண்டியை விற்பதா, வைத்திருப்பதா என்று முகம்பெத் அந்தக் குளிர்காலத்தில் நாள்தோறும் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஷைர்குல்லின் வழக்கங்கள் வெகு சீக்கிரத்தில் ஊருக்குப் பழகிவிட்டன. முதல் ஓட்டத்துக்கு முன், புகையும் ஜூனிபர்க் கிளையொன்றைக் கரண்டியில் ஏந்தி, முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவாள். “பஸ்ஸுக்குச் சாம்பிராணியா?” என்று புதுமாடிக்காரர்கள் இருமுவார்கள். “சளி புடிக்காம இருக்கும், உங்களுக்குந்தான்” என்பாள். கதவருகே கூட்டம் சேர்ந்தால் அவள் குரல் ஒலிபெருக்கியில் வரும்: “உள்ள தள்ளுங்க, உள்ள ஒண்ணும் கடிக்காது.” மேட்டில் ஏறும்போது வண்டியோடு பேசுவாள், அது ஏறிவிட்டால் முன்பலகையை இருமுறை தட்டிக்கொடுப்பாள். இன்னொரு வினோதமும் உண்டு. வெள்ளிக்கிழமை என்ற சொல் அவள் வாயில் வராது. விடுப்பு வேண்டுமென்றால், “வியாழனுக்கு மறுநாள் வரமாட்டேன்” என்பாள். பணிமனையில் அவளை அதற்காகக் கேலி செய்யாதவர் இல்லை.

நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லும் ஒலிப்பதிவு இந்தத் தடத்துக்கு இன்னும் தயாராகவில்லை. ஆகவே, ஓட்டுநரே ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும் என்பது விதி. குளிர்காலத்தில் அந்த விதி வெறும் சம்பிரதாயமன்று. உள்ளிருப்பவர்களின் மூச்சு கண்ணாடிகளில் உறைந்து, வெளியே ஒரு வேலிக்கம்புகூடத் தெரியாது. காதை நம்பித்தான் இறங்க வேண்டும். முதல் நாள் ஷைர்குல் சந்தையைச் சொன்னாள், வாய்க்கால் பாலத்தைச் சொன்னாள், புதுமாடிகளைச் சொன்னாள், பள்ளியைச் சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றது, கதவு திறந்தது, ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபின்தான், அங்கே இறங்கியிருக்க வேண்டியவர்கள் ஒரு கூட்டமாக எழுந்து கூச்சலிட்டார்கள்.

முகம்பெத் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே போய் நின்றார். “நாக்கு உறைஞ்சுபோச்சா, மருமகளே? அந்த ஒண்ண மட்டும் ஏன் முழுங்கின?”

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அது எங்க பெரியவரு பேரு.”

அந்த நிறுத்தத்தின் பெயர் ஜுமாதில் தெரு. ஜுமாதில் அவளுடைய மாமனார். சாரி-புலாக்குக்கு முதல் மின்கம்பத்தை அலைந்து வாங்கிவந்த மனிதர். இறந்தபின் தெரு அவர் பெயரைப் பெற்றது. மாமனாரின் பெயரை மருமகள் சொல்வதில்லை. அந்தப் பெயரின் தலையில் வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் மொழியிலுள்ள ‘ஜுமா’ என்ற சொல் இருப்பதால் அந்தக் கிழமையையும் சொல்வதில்லை. இது முகம்பெத்துக்குத் தெரியாததன்று. அவர் வீட்டு மருமகள்களும் அப்படித்தான். பேருந்து ஓட்டுநருக்கும் ஒரு மாமனார் இருக்கக்கூடும் என்பதுதான் தெருவுக்குப் பெயர்வைத்த கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து அவள், “அடுத்தது பெரியவரு தெரு” என்று சொல்லலானாள். சாரி-புலாக் புரிந்துகொண்டது. புதுமாடிகளுக்குப் புரியவில்லை. அங்கே ஒன்பதாவது மாடியில் அல்பியா என்ற தாத்தாரியப் பெண் குடியிருந்தாள். புதுமாடிகளில் குழந்தைகள் காப்பகம் இன்னும் கட்டப்படாததால், மகனைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து ஜுமாதில் தெருக் காப்பகத்துக்குக் கூட்டிவருவாள். குடிவந்த புதிதில் ஒருநாள் பலகையிலிருந்த பெயருக்காகக் காத்திருந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பனியில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று மாலையே அலுவலகத்துக்குப் புகார் போயிற்று: ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தை மறைக்கிறார். ஆய்வாளர் வந்து பயணம் செய்து பார்ப்பார் என்று பதிலும் வந்தது.

முகம்பெத் பணிமனைக்கே போனார்.

“ஒரே ஒருநாள். ஒரே ஒருதடவ சொல்லிடும்மா. பெரியவரு கல்லறையிலேர்ந்து எழுந்துவந்து கேக்கப்போறாரா?”

“அவரு கேக்கமாட்டாரு. நான் கேட்டுடுவேனே.”

“வண்டி போயிடுச்சுன்னா?”

ஷைர்குல்லின் குரலில் வழக்கமான குறும்பு இல்லை. “உங்க வீட்டம்மா எந்த நாள்ல போறாங்கன்னு எனக்குத் தெரியும், தலைவரே. ராத்திரி போர்வைக்குள்ள அந்தப் பேரச் சொல்லிப் பாத்தேன். வாய் திறக்குது, சத்தம் வரல. வேற ஓட்டுநரக் கேளுங்க. நான் கோவிச்சுக்கமாட்டேன்.”

கேட்டார். அந்தத் தடத்துக்கு வர வேறு ஓட்டுநர் எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எஞ்சியிருந்தது ஒன்பதாவது மாடி. லிஃப்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மூன்றாம் மாடியில் தொப்பியையும், ஆறாம் மாடியில் மேலங்கியையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முகம்பெத் அல்பியாவின் கதவைத் தட்டினார். அவள் தேநீர் கொடுத்தாள், ஆனால், இறங்கிவரவில்லை.

“ஒரு பேரச் சொல்றதுல என்னங்க வெக்கம்? எங்க மாமனார நான் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறேன்.”

“அவரும் திரும்பிப் பாக்குறாரா?”

“பணம் கேக்கும்போது மட்டும் பாக்கமாட்டாரு.” அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டாள். “சரி, அந்தப் பெரியவரு அப்படி என்னதான் செஞ்சாரு?”

“உன் பையன் மத்தியானத்துல தூங்குறானே ஒரு வீடு, அது அவரு கட்டினது. பிள்ளைங்களுக்குன்னு கொடுத்துட்டுப் போயிட்டாரு.”

அல்பியா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முகம்பெத் மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஆய்வாளர் எஸென்குல் ஏறிய நாளில் குளிர் கடுமையாக இருந்தது. கண்ணாடிகள் வெள்ளையாக இறுகிக் கிடந்தன. அவர் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து தோல்தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த மனைவியோடு முகம்பெத் எதிர்வரிசையில் இருந்தார். சந்தை, பாலம், புதுமாடிகள், பள்ளி. ஷைர்குல்லின் குரல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெளிவாக ஒலித்தது. பள்ளியைத் தாண்டியதும் சாரி-புலாக்கின் பெண்கள் தம் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகம் குறைந்தது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் மூச்சு வந்தது. பலகைப் பெயரைத் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருந்ததால் ‘பெரியவரு’ம் வரவில்லை.

“ஜுமாதில் தெரு” என்று நடுவாசலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “எறங்குறவங்க வாங்க. யாராவது இந்தச் சறுக்குவண்டியக் கொஞ்சம் புடிங்க.”

அல்பியாதான். ஆய்வாளர் திரும்பினார். “ஓட்டுநர்தானேம்மா சொல்லணும்?”

“புகார் எழுதினது நான்தாங்க. எனக்குப் பேரு கேட்டுச்சு, புகார் முடிஞ்சுது. அவங்க ஏன் சொல்லலன்னு உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுக்குங்க.”

எஸென்குல் தொப்பியின் ரோமத்தைத் தடவினார். மனைவி பிடித்திருந்த பிடியில் முகம்பெத்துக்கு மணிக்கட்டு வலித்தது.

“கேக்கவேண்டியதில்ல” என்றார் ஆய்வாளர் கடைசியில். “எங்கப்பா பேருக்குக் கோடரின்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்டுல விறகப் பொளக்குறது ‘கூரானது’தான். ஒருநாள் எம் பொண்டாட்டி ‘கூரானத எடுத்துட்டு வாங்க’ன்னா. நான் கத்தரிக்கோலோட போய் நின்னேன்.”

முதலில் சிரித்தது ஷைர்குல். பின்பு வண்டி முழுவதும் சிரித்தது. “வண்டிக்குள்ள பேரு கேக்கணும், அதுதான் விதி” என்று சொல்லி ஆய்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். முகம்பெத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அந்த வாரமே தள்ளுவண்டி விற்றுப்போயிற்று. வாங்கியவன் அதில் முட்டைக்கோஸ் ஏற்றினான்.

ஆய்வு நாளன்று கடைசி நிறுத்தத்தில் பேருந்து ஒரே வீச்சில் வளைந்து திரும்பியதைக் கண்ட ஆய்வாளர், இவ்வளவு விசாலமான இடம் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். முகம்பெத் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அது ஷைர்குல்லின் வீட்டு முற்றம். பெரிய வண்டி திரும்ப வழியில்லை என்று அலுவலகம் கைவிரித்த இலையுதிர்காலத்தில், அவளும் அவள் கணவனும் தெருவோரச் சுவரை இடித்து, முற்றத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். பனி விழுமுன் ஊர் கூடி, ஆளுக்கு ஒரு கை கொடுத்து, உள்தள்ளிப் புதுச்சுவர் எழுப்பித் தருவதாகச் சொல்லியிருந்தது. சொன்னவர் முகம்பெத். பனி முந்திக்கொண்டது. அவளுடைய பசு அந்தக் குளிர்காலம் முழுவதும் சாலையைப் பார்த்தபடி அசைபோட்டது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதோடு பேசிப் பழகிவிட்டார்கள். அந்தக் கூட்டுழைப்புக் கடனை ஷைர்குல் ஒருமுறையும் கேட்டதில்லை.

ஏப்ரலில் தடம் நிரந்தரமாயிற்று. ஒலிப்பதிவும் வந்துசேர்ந்தது. அதுவரை நடுவாசலிலிருந்து அல்பியாவும், அவள் வராத நாட்களில் பள்ளிப் பிள்ளைகளும் பெயரைச் சொல்லிவந்தார்கள். ஒலிப்பதிவு முதன்முதலாக ஓடிய நாளில் முகம்பெத் முன்வாசலருகே நின்றிருந்தார். வெளியே வாதுமை மரங்கள் பூத்திருந்தன. பள்ளிக்கு அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றது.

“மருமகளே, மண்ணு காஞ்சிடுச்சு” என்று அவர் தொடங்கினார். “வர்ற ஞாயித்துக்கிழம ஊரக் கூட்டி அந்தச் சுவர…”

ஷைர்குல் இடக்கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கூரையிலிருந்து யாரோ ஒரு நகரத்துப் பெண்ணின் குரல், கூச்சமேதும் இல்லாமல், முழுப்பெயரையும் சொல்லிற்று. வலக்கையை நெஞ்சின்மேல் வைத்து, ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் நெற்றி படுமளவுக்கு ஷைர்குல் தலை குனிந்தாள். அந்தக் குரல் ஓயும்வரை அப்படியே இருந்தாள். அதன்பின் கதவைத் திறந்தாள்.