வாய்தாவுக்குப் புறப்பட்ட மிராசுதார்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் காலை விமானம். நான்தான் கேப்டன். மேலேறத் தொடங்கிய சற்று நேரத்தில் வலப்பக்க எஞ்சினில் டமாரென்று ஒரு சத்தம். விமானத்தின் மூக்கு வலப்புறமாக இழுத்தது. இடது காலால் பெடலை அழுத்தி நேராக்கினேன். இரண்டு எஞ்சின் ஜெட், ஒன்று போனாலும் மற்றொன்றால் மேலேறும். நாம் பதறி எதையாவது தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியில் எத்தனையோ முறை செய்தது.

போதிய உயரம் வந்த பிறகு, துணை விமானி விதிமுறைகளை வாசிக்க வாசிக்க, கெட்ட எஞ்சினை அணைத்தோம். சென்னைக்கே திரும்புகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று பயணிகளுக்கு அறிவித்தேன். அதை நான் நம்பினேனா என்று யாரும் கேட்கவில்லை. பத்திரமாக இறங்கினோம்.

பயணிகள் இறங்கும்போது வாசலில் நின்றேன். கடைசியாக வந்தவர் எங்கள் ஊர் மிராசுதார். குத்தகை நிலத்திலிருந்து என் அப்பாவை வெளியேற்ற அவர் போட்ட வழக்கு, ஆட்சிகள் மாறியும் தஞ்சாவூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அப்பாவை 'வாடா' என்றே கூப்பிட்டுப் பழகியவர். அறிவிப்பில் என் பெயரைக் கேட்டிருக்கிறார்.

"நம்ம குத்தகைக்காரர் மகன்தானே நீங்க?"

"ஆமாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா ஓட்டுனீங்க. அதுக்காக கேஸை வாபஸ் வாங்குவேன்னு நெனச்சுக்காதீங்க."

அந்த 'நீங்க' எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அவருக்கு?"

"இல்லப்பா."

"அப்பச் சரி. நாளைக்கு வாய்தா. அவர் வராம இருந்துட்டா இன்னும் ஆறு மாசம் தள்ளிடுவாங்க."

மிராசுதார் ரயிலேறி மறுநாள் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார். நீதிபதி விடுப்பு என்பதால் வாய்தா எப்படியும் தள்ளிப்போனது. அப்பாவும் மிராசுதாரும் கோர்ட் வாசலில் டீ குடித்தார்களாம். நிலம் இறுதியில் எங்களுக்கே நிலைத்தது, அது வேறு கதை. அன்று அப்பாவுக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், மிராசுதார் தன் குலதெய்வம்தான் விமானத்தை இறக்கியது என்று வக்கீல்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"உன் பேரையே எடுக்கலடா," என்றார் அப்பா.