அடியில் சந்தனம், மேலே எலுமிச்சைப் பூ

எனக்கு மூக்கு வேலை செய்யாது. பதினைந்து வருஷமாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். தின்னர் குடித்தே செத்த மூக்கு. என் மனைவிக்கோ மூக்குதான் சோறு போடுகிறது. பெரிய கடை ஒன்றின் தரைத்தளத்தில் சென்ட் விற்கிறாள். ஜாடிக்கேற்ற மூடி என்று யாராவது எங்களைச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து, வேறு எவருக்கும் இல்லாத வாசனையாக ஆக்கித் தருவதில் அவள் கெட்டிக்காரி. "கனமானது அடியில, லேசானது மேல. மணிக்கட்டைத் தேய்க்காதீங்க" என்று நாளெல்லாம் அதே பாட்டு. காகிதச் சீட்டில் முகர்ந்தால் வருகிறவர்களுக்குப் போதாது. "தோல்ல எப்படி இருக்கும்?" என்பார்கள். உடனே இவள் தன் கையை நீட்டிவிடுவாள். இடது கையில் நாலு, வலது கையில் நாலு, இடம் போதாமல் முழங்கை மடிப்பில் இரண்டு. சாயங்காலத்துக்குள் அவள் மூக்கும் படுத்துவிடும். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நின்று என்னோடு கதை பேசிக்கொண்டிருப்பாள்.

எங்கள் மகளுக்குப் பத்து மாதமானபோது வீட்டில் ரகளை ஆரம்பித்தது. அம்மாவைக் கண்டதும் தவழ்ந்தோடி வருவாள். தூக்கியதும் கழுத்தில் மூக்கை வைப்பாள். அடுத்த நொடி வீலென்று அலறல். என் கைக்கு வந்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள்.

"உங்க தின்னர் நாத்தத்துக்குப் போறா, என்கிட்ட வர மாட்டேங்குறாளே! நான் பெத்தேனா, நீங்க பெத்தீங்களா?"

"நான் தினமும் ஒரே நாத்தம். நீ தினம் ஒரு ஆளா வந்து நின்னா குழந்தை என்ன பண்ணும்?" என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூக்கு உயிரோடிருக்கும் லீவு நாட்களில் உட்கார்ந்து கலந்து கலந்து பார்த்தாள். கடைசியில் அடியில் சந்தன எண்ணெய், மேலே எலுமிச்சைப் பூ சென்ட் என்று முடிவானது. "இனிமே இதுதான் நான்" என்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கேட்க வேண்டிய ஆளைப் பார்த்துத்தான் கேட்டாள்! "பிரமாதம்" என்றேன். மண்ணெண்ணெயை நீட்டியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலையிலிருந்து வந்ததும் குளியல், பிறகு எண்ணெய், பிறகு சென்ட், அதன் பிறகே குழந்தை. முதல் வாரம் அதே அலறல். மூன்றாவது வாரம் மகள் கழுத்தில் மூக்கை வைத்தாள், சிரித்தாள், தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அழுதது இவள்தான்.

பாட்டில் மட்டும் மளமளவென்று குறைந்தது. "நீங்க எடுத்துப் போட்டுக்கிறீங்களா?" என்று என்மேல் சந்தேகப்பட்டாள். நான் எதற்குப் போட்டுக்கொள்கிறேன்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் தங்கை. பின்தெருவில் இருக்கிறாள், எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். சாயங்காலம் இவள் வந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். இரண்டு மாதம் கழித்து ஒரு லீவு நாள் காலையில், குழந்தையின் துணிகளைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்த என் மனைவி அவள் பக்கம் குனிந்து முகர்ந்தாள்.

"நீ என்ன போட்டிருக்க?"

"உங்களோடதுதான் அண்ணி. தினம் காலையில நீங்க போனதும் இங்க போட்டுக்குவேன். நேத்து கொஞ்சம் கையோட எடுத்துட்டுப் போயிட்டேன், பழக்கத்துல இன்னிக்கும் வீட்டுலயே போட்டுட்டேன். அடியில சந்தனம், மேல அது. நீங்க பண்ற மாதிரியேதான். பகல்ல உங்களைத் தேடித் தேடி அழுதா. இதைப் போட்டதும் நீங்கன்னு நெனச்சுத் தூங்குறா. தப்பா அண்ணி?"

தினமும் சாயங்காலம் அந்த வாசனையோடுதான் எங்கள் கண்முன்னால் நின்றிருக்கிறாள். கண்டுபிடிக்க வேண்டிய இரண்டு மூக்குகளும் வேலைக்குப் போய்ச் செத்துத் திரும்பியவை. யாரைத் திட்டுவது? பிள்ளையார் பிடிக்கப் போய் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை.

"அப்போ சாயங்காலம் என் தோள்ல சாயறது... உன்னை நெனச்சா?" என்றாள் மனைவி.

"ஐயோ, இல்ல அண்ணி! என் மேல சாயறதுதான் உங்களை நெனச்சு."

"நீ ஒன்பது மணி நேரம் போட்டுக்கிற. நான் ரெண்டு மணி நேரம்."

"முதல்ல போட்டது நீங்கதானே?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க, எனக்குத் தலை சுத்துது" என்றேன். யார் என்னைக் கேட்டார்கள்?

உள்ளே மகள் விழித்துச் சிணுங்கினாள். மனைவி ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். தங்கை வருவதற்குச் சற்று முன்புதான் குளித்து, எண்ணெயும் சென்ட்டும் போட்டு முடித்திருந்தாள். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மகள் அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்தாள். நன்றாக இழுத்து முகர்ந்தாள். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாதவள், கண்ணை மூடியபடியே தெளிவாகச் சொன்னாள்:

"அத்த."

என் தங்கை பதறிப்போனாள். "இல்லடி செல்லம், அம்மா... அம்மா சொல்லுடி!" என்று அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மனைவியின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் குழந்தையை இறக்கவுமில்லை, எங்களிடம் கொடுக்கவுமில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"விடு, சொல்லட்டும்" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுடி."

மகள் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, மறுபடியும் அதையே சொன்னாள்.